ஹெட்செட்டில் சார்ஜ் ஏறவில்லையா? பதறாதே, ஒவ்வொன்றாகப் பார்!

இந்த மாத அறிவியல் பக்கத்தில் நான் எழுதப் போவது பெரிய கண்டுபிடிப்பைப் பற்றி அல்ல. எங்கள் வீட்டில் ஒரு ஒயர்லெஸ் ஹெட்செட் மூன்று வாரம் சார்ஜ் ஏறாமல் கிடந்தது. அது ஏன் ஏறவில்லை, எப்படிச் சரியானது, அதில் என்ன அறிவியல் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. கடைசியில் என் தப்பு ஒன்றையும் ஒத்துக்கொள்ளப் போகிறேன். அதனால் முழுசாகப் படியுங்கள்!

நடந்தது என்ன?

எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். அப்பா பஸ் டிரைவர். விடியற்காலை முதல் வண்டி அவருடையது. 3 மணிக்கே எழுந்துவிடுவார். அதனால் இரவு 8.30 மணிக்கெல்லாம் தூங்க வேண்டும். அக்கா டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். பகலில் டியூஷன் எடுக்கிறாள். இரவில்தான் போனில் வகுப்புகளைக் கேட்பாள். அதற்காகவே டியூஷன் காசைச் சேர்த்து ஒரு ஹெட்செட் வாங்கியிருந்தாள்.

ஒரு நாள் அது அணைந்து போனது. சார்ஜ் போட்டாள். சிவப்பு விளக்கு எரியவே இல்லை. மறுநாளும் போட்டாள். அப்போதும் இல்லை. "பேட்டரி போயிடுச்சு போல" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டாள். பிறகு சமையலறையில் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, போனைக் காதோரம் வைத்துச் சின்னச் சத்தத்தில் கேட்பாள். அப்படியும் அப்பா விழித்துக்கொள்வார். "பரவாயில்ல, நீ படிம்மா" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பார். ஆனால் காலையில் அவர் கண் சிவந்திருக்கும். தூக்கம் கெட்ட டிரைவர் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அவரை நம்பி வண்டியில் 50 பேர் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா தேர்வுக்கோ இன்னும் 5 வாரம்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நானே இதைச் சரி பண்றேன்" என்று இறங்கினேன்.

நான் செய்த சோதனை (பாதி சரி, பாதி தப்பு)

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு, சுவரில் இருந்த பிளக்கில் போட்டேன். விளக்கு இல்லை.

அடுத்து அதே சார்ஜரில், அதே கேபிளில் போனைப் போட்டேன். போன் ஜம்மென்று ஏறியது. "சார்ஜர் நல்லா இருக்கு, கேபிளும் நல்லா இருக்கு. அப்போ ஹெட்செட்தான் காலி" என்று முடிவு கட்டினேன். இந்த முடிவு தப்பு. ஏன் தப்பு என்பதைப் பிறகு சொல்கிறேன். நீங்களும் யோசித்துக்கொண்டே படியுங்கள்.

மூன்றாவதாக, சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சு மாதிரி தூசி அடைத்திருந்தது. குண்டூசியால் குத்தி எடுத்தேன். இதுவும் தப்பு!

அப்புறம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அக்காவும் நானும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் செல்போன் சர்வீஸ் கடைக்குப் போனோம். எங்கள் சார்ஜரையும் கேபிளையும் கூடவே எடுத்துப் போனோம்.

கடை அண்ணா கேட்ட ஒரே கேள்வி

அந்த அண்ணா ஹெட்செட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதலில் கேட்டது இதுதான்:

"இது கூட வந்த கேபிள் எங்கம்மா?"

"அது எங்கயோ காணாமப் போச்சுண்ணா. போன் கேபிள்லதான் போட்டோம்" என்றாள் அக்கா.

எனக்குத் தொண்டை அடைத்தது. ஏனென்றால் அந்தக் கேபிள் காணாமல் போகவில்லை. நம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நான் காற்றாலை மாடல் செய்தேன் அல்லவா? பவர் பேங்கிலிருந்து எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரம் கொண்டுவர ஒரு ஒயர் வேண்டியிருந்தது. அக்காவின் கேபிளை எடுத்து, சி முனையை வெட்டிவிட்டு, சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் சீவி இணைத்தது நான்தான். "கேபிள்தானே, வீட்ல வேற இருக்கே" என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. அக்கா தேடியபோதும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, முழிக்கிற?" என்றார். அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அண்ணா முதலில் துளையில் மிச்சமிருந்த தூசியைப் பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுத்தார். நான் குண்டூசி போட்டதைச் சொன்னதும், "உள்ள முடி மாதிரி மெல்லிசா கம்பி இருக்கும். ஒண்ணு வளைஞ்சாலும் துளையையே மாத்தணும்" என்று திட்டினார். பிறகு பழைய மாதிரி சார்ஜர் ஒன்றை எடுத்தார். அதில் பட்டையான பெரிய யு.எஸ்.பி. துளை இருந்தது. ஒரு பக்கம் பட்டை முனையும் மறுபக்கம் சின்ன நீள்வட்ட முனையும் உள்ள கேபிளைச் செருகினார். நடுவில் ஒரு குட்டி மீட்டரையும் வைத்தார். விளக்கு எரியவில்லை. ஆனால் மீட்டரில் 5 வோல்ட், 0.02 ஆம்பியர் என்று காட்டியது.

"விளக்கு எரியலன்னா கரண்ட் போகலன்னு அர்த்தம் இல்ல தம்பி. கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார்.

டீ குடித்துவிட்டு வந்தோம். சுமார் 20 நிமிடம் கழித்துச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது! மீட்டரும் 0.2 ஆம்பியருக்கு ஏறியது. அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அண்ணா சும்மா இருக்கவில்லை. அதைக் கழற்றி எங்கள் போன் சார்ஜரிலும் கேபிளிலும் போட்டுக் காட்டினார். விளக்கு அணைந்துவிட்டது. மறுபடி பழையதில் போட்டார். எரிந்தது. "பேட்டரியும் போகல, போர்டும் போகல. கேபிள்தான் ஒத்துக்கல" என்றார். கேபிளுக்கு 80 ரூபாய் வாங்கினார். பார்த்ததற்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

இதில் உள்ள அறிவியல்

மறுநாள் நம் அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் சொன்னதையும், நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் எளிமையாக எழுதுகிறேன்.

1. கேபிள் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

பட்டையான பழைய முனைக்கு ஏ முனை என்று பெயர். எப்படிச் செருகினாலும் சரியாகப் போகும் நீள்வட்ட முனை சி முனை. ஏ துளை உள்ள சார்ஜரை பிளக்கில் போட்டாலே அதில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். தெருக்குழாயைத் திறந்து வைத்த மாதிரி. யார் குடம் வைத்தாலும் தண்ணீர் விழும்.

சி துளை உள்ள சார்ஜர் அப்படி இல்லை. அது கதவைச் சாத்தி வைத்திருக்கும் வீடு மாதிரி. "யாரு?" என்று கேட்டு, பதில் வந்தால்தான் திறக்கும். அந்தப் பதில் என்ன தெரியுமா? வெறும் ஒரு மின்தடைதான்! கருவியின் சி துளைக்குள் குறிப்பிட்ட இரண்டு இணைப்புகளில் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். அது இருப்பதைச் சார்ஜர் உணர்ந்தால்தான் 5 வோல்ட்டை அனுப்பும். விலை குறைந்த சில கருவிகளில் செலவை மிச்சம் பிடிக்க இந்த மின்தடைகளை வைப்பதில்லை. சார்ஜர் "யாரு?" என்கிறது. ஹெட்செட் ஊமையாக நிற்கிறது. கதவு திறப்பதே இல்லை!

இப்போது என் முதல் முடிவு ஏன் தப்பு என்று புரிகிறதா? போன் பதில் சொல்லத் தெரிந்த கருவி. அதனால் அதற்குக் கதவு திறந்தது. "சார்ஜரும் கேபிளும் போனுக்குச் சரி" என்று மட்டும்தான் அந்தச் சோதனை நிரூபித்தது. "ஹெட்செட்டுக்கும் சரி" என்று அது நிரூபிக்கவில்லை. ஒரு சோதனை எதை நிரூபிக்கிறதோ, அதற்கு மேல் அதிலிருந்து முடிவு எடுக்கக் கூடாது என்றார் மிஸ்.

2. விளக்கு எரிய ஏன் 20 நிமிடம் ஆனது?

ஹெட்செட்டில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். பொதுவாக இதன் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். முழுசாக ஏறினால் 4.2 வோல்ட். ஏறக்குறைய 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது மிகவும் காலியாகிவிட்டது என்று பொருள். பயன்படுத்தாமல் வைத்தாலும் மின்கலம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும். எங்கள் ஹெட்செட் அலமாரியில் கிடந்து அந்த நிலைக்குப் போய்விட்டது.

பல நாள் பட்டினி கிடந்தவருக்கு எடுத்தவுடன் பிரியாணி போடுவோமா? முதலில் கஞ்சிதானே கொடுப்போம்! அதே மாதிரி, ஹெட்செட்டுக்குள் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஒரு சில்லு இருக்கிறது. ரொம்பக் காலியான மின்கலத்துக்கு அது முதலில் மிகக் குறைந்த மின்னோட்டத்தைக் கொடுக்கும். மீட்டரில் பார்த்த 0.02 ஆம்பியர்தான் அந்தக் கஞ்சி. மின்கலம் கொஞ்சம் தேறிய பிறகுதான் 0.2 ஆம்பியர் என்ற முழுச் சாப்பாடு. கஞ்சி நேரத்தில் சில ஹெட்செட்டுகளில் விளக்கு எரியாது. நாம் 2 நிமிடம் பார்த்துவிட்டுப் பிடுங்கிவிடுகிறோம்!

3. எவ்வளவு நேரத்தில் நிரம்பும்?

இதை நம் மின்னோட்டவியல் பாடத்தை வைத்தே கணக்குப் போடலாம். ஒரு ஹெட்செட்டின் மின்கலம் 400 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம்.

மின்னூட்டம் = மின்னோட்டம் × காலம்
0.4 ஆம்பியர் × 3600 வினாடி = 1440 கூலூம்

0.2 ஆம்பியர் வீதம் ஏற்றினால்: 1440 ÷ 0.2 = 7200 வினாடி, அதாவது 2 மணி நேரம். கடைசிக் கட்டத்தில் சில்லு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அதனால் உண்மையில் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

உங்கள் ஹெட்செட்டில் ஏறவில்லை என்றால் என்ன செய்யலாம்?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. இந்த வரிசையில் பாருங்கள்:

முதல் படி: பிளக்கில் கரண்ட் இருக்கிறதா, சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்க்கவும். சிரிக்காதீர்கள், பல வீடுகளில் இதுதான் காரணம்!

இரண்டாம் படி: கூட வந்த கேபிளையே போடவும். அது இல்லாவிட்டால் ஏ முனையிலிருந்து சி முனைக்குப் போகும் வேறு ஒரு கேபிளைப் போடவும்.

மூன்றாம் படி: பவர் பேங்கில் போட்டிருந்தால் சுவர் சார்ஜருக்கு மாற்றவும். ஹெட்செட் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. "யாருமே இல்லை போல" என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும்.

நான்காம் படி: ஹெட்செட்டை அணைத்துவிட்டு, கேபிளையும் கழற்றிவிட்டு, துளையில் தூசி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும். இருந்தால் காய்ந்த மரக்குச்சியால் மெதுவாக எடுக்கவும். ஊசி, ஹேர்பின், சேப்டி பின் கூடவே கூடாது.

ஐந்தாம் படி: ஈரமோ வியர்வையோ பட்டிருந்தால் சார்ஜ் போடக் கூடாது. நிழலில், காற்றோட்டமாக வைத்து நன்றாகக் காயவிடவும். அரிசி டப்பாவில் போட வேண்டாம். அரிசித் தூளும் உள்ளே போய்ச் சேரும்.

ஆறாம் படி: வெயிலில் கிடந்து சூடாகியிருந்தால் ஆறவிடவும். பொதுவாக இந்த மின்கலங்களை 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் சார்ஜ் ஏற்றலாம். அதிகச் சூட்டை உணர்ந்தால் சில கருவிகள் தாமாகவே சார்ஜை நிறுத்திவிடும். மொட்டை மாடியில், ஜன்னல் வெயிலில் சார்ஜ் போடாதீர்கள்.

ஏழாம் படி: விளக்கு எரியாவிட்டாலும் அரை மணி நேரம் விட்டுப் பார்க்கவும். பக்கத்திலேயே இருந்து, சூடாகிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்க்கவும்.

எட்டாம் படி: கூட வந்த தாளில் ரீசெட் செய்யும் முறை போட்டிருந்தால் அதன்படி செய்யவும். இதற்கும் ஏறவில்லை என்றால் கடைக்குக் கொண்டு போகலாம். வாரண்டி இருந்தால் பில்லையும் எடுத்துப் போகவும்.

காதுக்குள் வைக்கும் குட்டி இயர்பட் வைத்திருப்பவர்களுக்கு: ஒரு பக்கம் ஏறுகிறது, மறுபக்கம் ஏறவில்லை என்றால், பெட்டிக்குள் இருக்கும் பொன்னிறப் புள்ளிகளைப் பாருங்கள். அவற்றின் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. அதில் காதுக் குறும்பி ஒட்டியிருந்தால் தொடர்பு விட்டுப் போகும். காய்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்தாலே போதும். புதிதாக வாங்கியது என்றால், அந்தப் புள்ளிகள் மேல் ஒட்டிய மெல்லிய தாளை உரித்தீர்களா என்றும் பாருங்கள்.

எச்சரிக்கை!

ஹெட்செட் உப்பியிருந்தாலோ, கருகின வாடை வந்தாலோ, கை வைக்க முடியாத அளவு சூடானாலோ உடனே சுவர் சுவிட்சை அணைக்கவும். திரும்பச் சார்ஜ் போடவே கூடாது. லித்தியம் மின்கலத்தைக் குத்தினாலோ நசுக்கினாலோ தீப்பிடிக்கும். சார்ஜரைப் பிரித்துப் பார்க்காதீர்கள். அதற்குள் வருவது 230 வோல்ட்! கெட்டுப்போனதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்கவும். இதற்காகவே நம் நாட்டில் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022 என்ற சட்ட விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

உங்களுக்குத் தெரியுமா?

* லித்தியம் அயனி மின்கலம் 1991ஆம் ஆண்டு முதன்முதலில் விற்பனைக்கு வந்தது.
* இதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97! நோபல் பரிசு பெற்றவர்களில் அவரே மிக மூத்தவர்.
* முழு வசதியுள்ள சி துளைக்குள் 24 இணைப்புகள் உண்டு. பழைய மைக்ரோ யு.எஸ்.பி. துளையில் 5தான்.
* ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல், புதிதாக விற்பனைக்கு வரும் கேபிளில் சார்ஜ் ஏறும் ஹெட்செட்டுகளுக்கும் சி துளை கட்டாயம்.

கடைசியாக ஒன்று

கடையிலிருந்து திரும்பி நடந்து வரும்போது அக்காவிடம், "சாரிக்கா" என்றேன். அவள் சொன்னது இதுதான்: "கேபிள் 80 ரூபாடா. அதப் பத்தி இல்ல. வெட்டுன அன்னைக்கே சொல்லியிருந்தா, என்ன மாறுச்சுன்னு நமக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். மூணு வாரம் மிச்சமாயிருக்கும்ல? அப்பாவும் தூங்கியிருப்பாரு."

அவள் சொன்னது சரிதான். எட்டுப் படிகளை எழுதிவிட்டேன். ஆனால் அவற்றுக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது: "கடைசியா நல்லா இருந்தப்போ என்ன இருந்துச்சு? இப்போ என்ன மாறியிருக்கு?" என்ற கேள்வி. அதற்குத் தெரிந்தவர் உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால், மூன்று பேரும் கெட்டுப் போகாத பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

உண்டியலில் இருந்து 80 ரூபாயை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். புதுக் கேபிளில் ஒரு காகிதத்தைச் சுற்றி, "அக்கா ஹெட்செட். வெட்டாதே!" என்று எழுதி ஒட்டியும் வைத்துவிட்டாள். இப்போது இரவு 8.30க்கு எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. அப்பாவின் குறட்டை மட்டும்தான் கேட்கிறது. அக்காவுக்கு அதுவும் கேட்பதில்லை!

யோசித்துப் பார்!

1. 300 மில்லி ஆம்பியர் மணி மின்கலத்தை 0.15 ஆம்பியர் வீதம் ஏற்றினால் எத்தனை மணி நேரம் ஆகும்? எத்தனை கூலூம்?
2. ஒரு கேபிளில் போன் ஏறுகிறது, ஹெட்செட் ஏறவில்லை. உடனே ஹெட்செட் கெட்டுவிட்டது என்று சொல்லலாமா? ஏன்?
3. வீட்டில் டார்ச் லைட் எரியவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று படிகளில் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

விடைகளை ஒரு தாளில் எழுதி அறிவியல் மன்றப் பெட்டியில் போடவும். சரியான விடைகள் அடுத்த மாதச் சுவரிதழில் வெளிவரும்.



இப்படிக்கு,
உங்கள் தோழன்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு